மலைப் பிள்ளைகளுக்கு இலையுதிர்காலக் கைவேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் வீட்டில் பிள்ளைகள், வெளியே மழை. அப்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், உதகை வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதியது. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படங்களில் பார்க்கும் சிவப்பு, ஆரஞ்சு இலைகள் நம் ஊரில் எங்கே கிடைக்கும்?

அந்த அளவுக்கு எங்கும் கிடைக்காது. தேடி அலைய வேண்டாம். நம் சோலைக்காடுகள் பசுமை மாறாதவை. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இலை உதிர்க்குமே தவிர, மொத்தமாக மொட்டையாகி நிற்பதில்லை. சோலை சிவந்து தெரிவது துளிர் விடும் காலத்தில்தான். மேல்நாட்டுக் காடு இலை சாகும்போது சிவக்கிறது, நம் காடு இலை பிறக்கும்போது சிவக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த துளிர்க்காலம் எப்போது என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நிறம் மாறி உதிர்பவை வீட்டுத் தோட்டத்துப் பேரி, பிளம், பீச் மரங்கள். பேரி இலை சில மரங்களில் நல்ல கருஞ்சிவப்பாகும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் எப்போதும் சருகு கிடக்கும். பெரணி போல வெட்டு வெட்டாக இருக்கும் அந்த இலையின் மேற்புறம் பழுப்பு, அடிப்புறம் வெள்ளி. ஒரே இலையில் இரண்டு நிறம் கிடைக்கும்போது, கடையில் பிளாஸ்டிக் மேப்பிள் இலை வாங்குவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. ஆனால் மலை முழுவதும் ஒரே வானிலை என்று நினைத்துவிடாதீர்கள். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து தீர்ந்திருக்கும். கோத்தகிரியும் குன்னூரும் வடகிழக்குப் பருவமழைக்கு அப்போதுதான் தயாராகும். எனவே கோத்தகிரிக்காரர்கள் புரட்டாசியிலேயே பொறுக்கிக் காய வைத்துக்கொள்வது நல்லது. உதகையில் நவம்பருக்குப் பிறகு உறைபனி விழும் காலைகளில் புல்லும் சருகும் ஈரமாகவே இருக்கும். வெயில் ஏறிய பிறகு பொறுக்குங்கள்.

எங்கே பொறுக்கலாம்? காட்டுக்குள் போகலாமா?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்துவரக் கூடாது. உதிர்ந்த சுள்ளியும் அதில் அடக்கம். முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் சரணாலயப் பகுதிகளில் விதிகள் இன்னும் கடுமை. தலைகுந்தா அருகே உள்ள பைன் காடும், கொடைக்கானல் பைன் காடும் சுற்றுலா இடங்கள் என்பதால் பலரும் பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆளுக்கு ஒரு பை என்று போனால் மரத்தடியில் எதுதான் மிஞ்சும்?

சொந்த வீட்டு முற்றம், பள்ளி மைதானம், கோயில் அல்லது தேவாலய வளாகம், தெரிந்தவர்களின் தோட்டம், ஊருக்குள் இருக்கும் சாலையோரம் ஆகியவையே போதும். தேயிலைத் தோட்டம் என்றால் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மருந்து அடித்த பக்கமாக இருந்தால் அவர்தான் சொல்ல முடியும்.

சாயங்காலம் வேண்டவே வேண்டாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கரடி இறங்கும் நேரம் அது. காட்டெருமை கொடைக்கானல் தெருக்களிலேயே நிற்கிறது. இருட்டில் அது பாறை மாதிரி அசையாமல் நிற்கும். காலை பத்து மணிக்கு மேல், பெரியவர் ஒருவர் துணையோடு போய் வருவதே சரி.

தரையில் விழுந்ததை மட்டும் எடுப்பது என்று ஒரே விதி வைத்தால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். குறிஞ்சி பூத்திருந்தால் கை வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். மரத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் ஆர்க்கிட் செடிகளையும் பிய்க்க வேண்டாம். கையளவு பாசி திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

முள்ளம்பன்றி முள், பறவை இறகு கிடந்தால்?

பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளின் உடற்பாகங்களையும் கட்டுப்படுத்துகிறது. படம் வரைந்து கொண்டுவரச் சொல்லலாம்.

தொடக் கூடாத செடிகள் எவை?

முதலில் செந்தட்டி. சோலை ஓரத்திலும் ஓடைக் கரையிலும் இருக்கும். பட்டால் எரிச்சல் பல மணி நேரம் நிற்கும். அடுத்தது தலைகீழாகத் தொங்கும் பெரிய மணிப்பூச் செடி. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் வேலிதோறும் அழகாகத் தொங்குகிறது. அது ஊமத்தைக்கு உறவு. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. தொப்பி போல் இருக்கிறது என்று பிள்ளைகள் தலையில் வைத்து விளையாடுவதுண்டு. அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்து பார்வை மங்கும். அரளியையும் உண்ணிச்செடியின் காய்களையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் காளான்களை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இலையைப் புத்தகத்தில் வைத்தால் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சமவெளியில் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டாலே இலை காய்ந்துவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் புத்தகமே ஈரத்தை உறிஞ்சி உப்பிக் கிடக்கும். அதற்குள் வைத்த இலை எங்கே காயும்?

பழைய செய்தித்தாள்தான் இதற்கு மருந்து. வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரம் உறிஞ்சாது, அதைத் தவிருங்கள். இலையைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலும் கீழும் நாலைந்து தாள் வைத்து, மேலே அம்மிக்குழவியோ அரிசி டப்பாவோ ஏற்றுங்கள். முக்கியமான வேலை அடுத்த நாள்தான் தொடங்குகிறது. முதல் வாரம் முழுக்கத் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஈரமான தாளை அடுப்படியில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். பேரி, பெரணி போன்ற மெல்லிய இலைகள் பத்து நாளில் காய்ந்துவிடும். தடித்த இலைகளுக்கு மூன்று வாரம்கூட ஆகும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அவசரம் என்றால் இஸ்திரிப் பெட்டி. இரண்டு தாள்களுக்கு நடுவே இலையை வைத்து, குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில விநாடிகள் அழுத்தி எடுத்து, ஆற விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இது பெரியவர் வேலை. நிறம் கொஞ்சம் மங்கும், ஆனால் அன்றைக்கே ஒட்டிவிடலாம்.

காய்ந்த இலை மறுபடி ஈரம் இழுக்காமல் இருக்க மெழுகில் முக்கலாம். கோத்தகிரியில் மலைத்தேன் விற்கும் கடைகளில் தேன்மெழுகும் கிடைக்கிறது. சாதாரண மெழுகுவத்தியும் போதும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். ஒரே முக்கு, உதறிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலைக்கு மட்டும் வேறு வழி. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, கொத்தின் காம்பை நசுக்கி அதில் நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கிளிசரின் இலை வரை ஏறி, இலை பழுப்பாகி, தோல் போல வளையும். பிறகு மழைக்காலம் முழுக்கப் பூச்சாடியில் வைத்தாலும் சுருங்காது.

பைன் காயை வைத்து வண்ணம் பூசுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

வண்ணம் பூசாமல் இருப்பதே முதல் யோசனை. பூசினால் அதன் சிறந்த வித்தை போய்விடும். பைன் காய் ஈரத்தில் மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும். ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு ஈரத்தை இழுத்து அதிகமாக உப்பும், உள் அடுக்கு அவ்வளவு உப்பாது. அதனால் செதில் உள்பக்கமாக வளைந்து மூடும். உதிர்ந்து, உயிரற்றுப் போன காயிலும் இது நடக்கும், திரும்பத் திரும்ப நடக்கும். காற்று உலர்ந்திருக்கும் காலத்தில் பறக்கட்டும் என்று விதையைக் காக்க மரம் வைத்திருக்கும் ஏற்பாடு இது.

ஒரு காயை அட்டையில் ஒட்டி, ஒரு செதிலின் நுனியில் நீளமான துடைப்பக் குச்சியை ஒட்டுங்கள். பின்னால் ஒரு அட்டையை நிறுத்தி, குச்சி இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். மழை படாத ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டால் மூடுபனி ஏறும் நாளில் குச்சி நகர்வதைப் பிள்ளைகளே பார்த்துக் குறிப்பார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு மாதம்கூட இழுத்து வைக்கும் விளையாட்டு இது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் காயைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே மூடத் தொடங்கும்.

நம் மலைகளில் நட்டிருக்கும் பைனில் ஒரு வகையின் காய் சற்று வளைந்து, கெட்டியாக மூடியே இருக்கும். அது சூடு பட்டால்தான் திறக்கும். கணப்புக்குச் சற்றுத் தள்ளி இரவு முழுக்க வையுங்கள், காலையில் விரிந்திருக்கும். கையில் பிசின் ஒட்டினால் சோப்பு உதவாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

கற்பூரக் காய், சைப்ரஸ் காய், மற்றவை?

கற்பூர மரம் 1843இல் நீலகிரிக்கு வந்த விருந்தாளி. இன்று எந்த வீட்டுப் பக்கமும் அதன் காய் கிடக்கும். கோத்து மாலை ஆக்கப் பலர் விரும்புகிறார்கள், ஆனால் காய்ந்த காயில் துளை போடுவது பிள்ளைகள் கைக்கு ஆகாது. அதன் வாய்ப்பக்கத்தைக் களிமண்ணில் அழுத்துங்கள், நட்சத்திரம் விழும். வரிசையாக அழுத்தினால் கோலம். சைப்ரஸ் காய் சின்னக் கால்பந்து. ஜகரண்டாவின் வட்டக் காய் இரண்டாகப் பிளந்து தாளம் போடும், ஆமை ஓடாகவும் ஆகும். ருத்ராட்சம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் இருக்கிறது, பார்ப்பதற்கு மட்டும்.

வாட்டில் எனப்படும் சீகை மரத்தின் விதைகளை மட்டும் எங்கும் கொண்டுபோக வேண்டாம். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்திருந்து முளைக்கும் பிடிவாதக்கார விதை அது. புல்வெளிகளை விழுங்கியது போதும்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் வெட்டி எடுக்க ஏதாவது செடி உண்டா?

உண்ணிச்செடி (லண்டானா). காட்டை ஆக்கிரமிக்கும் களை அது. எவ்வளவு வெட்டினாலும் யாரும் திட்ட மாட்டார்கள், ஊரே வாழ்த்தும். கூடலூர் பகுதியின் பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் சமூகக் கைவினைஞர்கள் இதன் தண்டை வைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்தார்கள். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. நாம் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

பெரியவர் கையுறை போட்டு விரல் தடிமன் உள்ள தண்டுகளை வெட்டி, இலையையும் முள்ளையும் நீக்கி, வெந்நீரில் கொதிக்க வைத்துப் பட்டையை உரித்துத் தர வேண்டும். ஈரத்தோடு இருக்கும்போது வளையும். ஐந்து குச்சிகளை நட்சத்திரமாக அடுக்கி, முனைகளை வாழைநாரால் கட்டினால் டிசம்பரில் வாசலில் தொங்கவிடலாம். நாரை நனைத்துக் கட்டுங்கள், காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். கம்பி, டேப் எதுவும் தேவைப்படாது.

கொலுவுக்குப் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

படிக்குக் கீழே பூங்கா அமைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் கைவேலைகள் எல்லாம் வந்து சேர வேண்டிய இடமே அதுதான் என்பேன்.

புல்லுக்குக் கடுகோ கேழ்வரகோ முளைக்கப் போடுவோம். சமவெளிக் கணக்கை நம்பாதீர்கள். உதகைக் குளிரில் முளை மெதுவாகத்தான் வரும். மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே, தட்டில் தேங்காய் நார்த்தூள் பரப்பி விதையைத் தூவி, ஈரத்துணியால் மூடிச் சமையலறையின் வெதுவெதுப்பான மூலையில் வைத்துவிடுங்கள்.

தேயிலைத் தோட்டம் வைக்கச் சைப்ரஸ் காய்களுக்குப் பச்சை வண்ணம் பூசி, சரிவான களிமண்ணில் வரிசையாகப் பதியுங்கள். நடுநடுவே சில்வர் ஓக் சருகின் கிளைகளை நட்டால் நிழல் மரம். பிறகு மலை ரயில். தீப்பெட்டிப் பெட்டிகள், ஈர்க்குச்சித் தண்டவாளம், நடுவில் பல் தண்டவாளத்துக்குப் பழைய சீப்பு. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல் தண்டவாளம் உண்டு, குன்னூருக்கு மேலே கிடையாது. இதைச் சொல்லிவிட்டால் சீப்பை எங்கே நிறுத்துவது என்று அண்ணனும் தங்கையும் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். நல்ல சண்டைதான், தலையிடாதீர்கள்.

கடை வண்ணம் இல்லாமல் நிறம் எப்படி?

அடுக்களைக்குப் போங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காய வைத்து, ஆப்ப சோடா கரைத்த நீரைத் தூரிகையால் தொட்டு எழுதினால் எழுத்து சிவக்கும். எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பும் சிவக்க வைக்கும், ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. சோடாவே போதும்.

நம் ஊரில் பஞ்சமில்லாத பொருள் தேயிலை. கெட்டியான டிகாஷனில் தாளை நனைத்தால் பழைய ஓலை நிறம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, அந்த நீரைச் சில துளி டிகாஷனில் விட்டால் கருமையான மை கிடைக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதே இதன் கணக்கு. ஊட்டி பீட்ரூட்டின் சிவப்பு அழகுதான், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பை ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினிலிருந்து பழுப்பும் இலைகளைத் தேய்த்துப் பச்சையும் எடுத்து ஓவியம் தீட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஓவியங்களை ஒருமுறை காட்டுங்கள். பிறகு அவரை இலையைக் கசக்கித் தாளில் தேய்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு?

கொட்டை, விதை, சின்னக் காய் எதுவும் தர வேண்டாம். வாய்க்குள்தான் போகும். பெரிய இலைகளைச் சிறியது, பெரியது என்று அடுக்கட்டும். நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, மேலே மெல்லிய தாள் விரித்து, மெழுகுக் கிரயானைப் படுக்க வைத்துத் தேய்க்கட்டும். மலைப்பாதை ஓரத்துப் பெரணியில் அடிப்புறம் வெள்ளைப் பொடி பூசிய வகை ஒன்று உண்டு. அதைக் கையில் வைத்துத் தட்டி எடுத்தால் அச்சு அப்படியே விழும். இதற்கு மேல் அந்த வயதுக்கு எதுவும் தேவையில்லை.

எந்தப் பசை நல்லது?

தாளுக்கும் இலைக்கும் மைதாப் பசை. தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, அன்றன்றே தீர்த்துவிடுங்கள். கெடாமல் இருக்க மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் பிள்ளைகள் புழங்கும் பசைக்கு ஆகாது, அது நஞ்சு. காய்களை ஒட்ட ஃபெவிகால். குளிரில் அது காய இரவு முழுவதும் ஆகும், அவசரப்பட்டுத் தூக்கினால் பிய்ந்துவிடும்.

ஜிகினா, தெர்மாகோல், ஆடும் பிளாஸ்டிக் கண்கள்?

எனக்குப் பிடிக்காது. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை பல ஆண்டுகளாக இருக்கிறது, சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டிலையே வாங்கி வைக்கிறார்கள். ஜிகினாத் தூள் ஓடைக்குப் போனால் யாராலும் திரும்ப அள்ள முடியாது. கண்ணுக்கு மிளகு ஒட்டுங்கள்.

என் மகன் பாதியில் எழுந்து ஓடிவிடுகிறான்.

ஓடட்டும். பொறுக்கப் போகும்போது எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்குப் பொறுக்குவதும் பிரிப்பதும்தான் வேலை, ஒட்டுவது பெரியவர்களின் ஆசை. அவன் பொறுக்கியதை முட்டை அட்டையின் குழிகளில் வகை வகையாகப் போட்டு வைத்தால் அதுவே ஒரு கைவேலைதான்.

கார்த்திகைக்கு ஏதாவது?

ஜாம் பாட்டிலின் வெளிப்புறத்தில் காய்ந்த பேரி இலைகளை நீர்த்த மைதாப் பசையால் ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்ததும் உள்ளே சின்ன மெழுகுவத்தி. இலை நரம்பு வழியே வெளிச்சம் தெரியும். மெழுகில் முக்கி எடுத்த இலையை இதற்கு எடுக்கக் கூடாது. எரியும்போது பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வாசல் காற்றுக்கும் இது தாங்கும்.

நாங்கள் கோவையிலிருந்து இரண்டு நாள் சுற்றுலா வருகிறோம். பிள்ளைகள் எதைக் கொண்டுபோகலாம்?

தேய்த்தெடுத்த படங்களை. நோட்டும் கிரயானும் கொண்டுவாருங்கள். மரப்பட்டை, இலை, பெரணி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே தேய்த்து எடுத்துப் பக்கத்தில் இடம், தேதி எழுதலாம். பை நிறையக் காய் அள்ளிப் போனால் கல்லாறு தாண்டும் முன்பே காருக்குள் எறும்பு ஊரும்.

செய்தவற்றை எத்தனை நாள் வைத்திருப்பது?

பூஞ்சை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். மைதாப் பசையில் ஒட்டிய இலைகள் உரக்குழிக்குப் போகலாம். கொலு முளைகளைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடலாம். வண்ணம் பூசாத பைன் காய் கணப்பு பற்றவைக்க அருமையானது, பிசின் இருப்பதால் ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும். வண்ணமோ ஃபெவிகாலோ பட்டதை எரிக்க வேண்டாம். அவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் நாலு கிராம்போடு மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தால் அடுத்த கொலுவுக்கு ஆகும்.